கருந்துளையும் ரிக் வண்டியும்: விண்வெளித் தாரைகள் குமிழி ஊதுவது எப்படி?

2020 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. பெருவெடிப்புக்குப் பிறகு பிரபஞ்சத்தில் கண்டறியப்பட்ட மிகப் பெரிய வெடிப்பு என்று அதற்குத் தலைப்பிட்டார்கள். 2022-ல் நாசா ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. கருந்துளையின் ஓசை என்ற பெயரில் அது கைபேசிக்குக் கைபேசி பரவியது. இரண்டு செய்திகளுக்கும் தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வகை நிகழ்வைப் பற்றியவை. கருந்துளைக்கு அருகிலிருந்து கிளம்பும் தாரை, தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவுக்குள் குமிழி ஊதுகிறது. அந்த விளக்கம் செய்திகளில் விடுபட்டதால் படித்தவர்களுக்கு மூன்று குழப்பங்கள் மிஞ்சின.

1. கருந்துளையிலிருந்து எதுவும் தப்ப முடியாது என்கிறார்கள். பிறகு தாரை எங்கிருந்து வருகிறது?
2. விண்வெளி வெற்றிடம் என்றால் குமிழி எதற்குள் உருவாகிறது? ஒலி எதன் வழியே போகிறது?
3. வெடிப்பு என்றால் அது எப்போது வெடித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது?

இவற்றுக்கு விடை தேட, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாறை மேல் குடியிருக்கும் ஊர்கள் இவை. ஆயிரம் அடிக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ரிக் வண்டியையும், வற்றிய போரில் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பதையும் பார்க்காதவர் இங்கே குறைவு. அழுத்திய காற்று என்னென்ன செய்யும் என்பது இங்கே கண்ணால் கண்ட விஷயம். அந்த அறிவே இந்த விளக்கத்துக்குப் பெரும்பகுதி போதும்.

சில சொற்கள்

தாரை: ஒரு மையப் பொருளிலிருந்து இரண்டு எதிரெதிர்த் திசைகளில் மெல்லிய கற்றையாகப் பீறிடும் பொருளோட்டம். செய்திகளில் இதையே ஜெட் என்று எழுதுகிறார்கள்.

பிளாஸ்மா: அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோகும் அளவுக்குச் சூடான வாயு. மின்சாரத்தைக் கடத்தும், காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும்.

நெபுலா: விண்மீன்களுக்கு இடையே இருக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில்.

கேலக்ஸிக் கொத்து: நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் (நம் பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்கள்) ஈர்ப்புவிசையால் ஒன்றுகூடிய தொகுதி. இதில் பலருக்கும் தெரியாத செய்தி, கேலக்ஸிகளுக்கு இடையே உள்ள வெளி காலி இல்லை என்பது. அங்கே 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை சூடான பிளாஸ்மா நிரம்பியிருக்கிறது. கொத்திலுள்ள எல்லா விண்மீன்களையும் கூட்டினாலும் அந்த வாயுவின் நிறை அவற்றைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் மிகமிக அடர்த்தி குறைந்தது. கொத்தின் நெரிசலான மையத்தில்கூட ஒரு கன மீட்டருக்குச் சில பத்தாயிரம் துகள்கள்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் 1-க்குப் பின் 25 சுழியம் போட வேண்டிய எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும்.

இரண்டாவது குழப்பத்துக்கு இங்கேயே பாதி விடை வந்துவிடுகிறது. குமிழி ஊத ஒரு ஊடகம் வேண்டும். அந்த ஊடகம் இருக்கிறது. அதன் வெப்பம் காரணமாக அது எக்ஸ்-கதிரில்தான் ஒளிர்கிறது. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்ற ஒளியியல் கருவிகள் அந்தக் கொத்திலுள்ள கேலக்ஸிகளைக் காட்டும். இடையிலுள்ள வெப்ப வாயுவைக் காட்டாது. எக்ஸ்-கதிரைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் செயற்கைக்கோள் தொலைநோக்கி வேண்டும். 1999-ல் ஏவப்பட்ட சந்திரா அப்படிப்பட்டது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

தாரை கருந்துளைக்கு வெளியேதான் பிறக்கிறது

முதல் குழப்பம் சொல்லால் வந்தது. கருந்துளை தாரையை உமிழ்கிறது என்று எழுதும்போது, உள்ளே போனது வெளியே வருவதுபோல் ஆகிவிடுகிறது. நிகழ்வு எல்லை எனப்படும் விளிம்பைத் தாண்டிப் போன எதுவும் திரும்புவதில்லை. தாரைக்கான பொருள் அந்த விளிம்புக்கு வெளியே இருப்பது.

கருந்துளையை நோக்கி வரும் வாயு நேராக விழுவதில்லை. சுற்றிக்கொண்டே வருவதால் தட்டுபோலப் பரவிச் சுழல்கிறது. உராய்வில் சூடேறுகிறது. வாயுவோடு காந்தப்புலமும் இழுத்து வரப்படுகிறது. தட்டு சுழல, கருந்துளையும் சுழல, காந்தக் கோடுகள் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கின் அழுத்தத்துக்குப் போக்கிடம் சுழல் அச்சின் இரு முனைகள்தான். அந்த வழியே பிளாஸ்மா பீறிடுகிறது. சுழலும் கருந்துளையின் சுழற்சி ஆற்றலையே காந்தப்புலம் வழியாக உறிஞ்சி வெளியே அனுப்ப முடியும் என்று 1977-ல் ராஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் காட்டினார்கள். பெரிய தாரைகளுக்கு இன்று பெரும்பாலும் இந்த விளக்கமே சொல்லப்படுகிறது.

அளவின் வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். கன்னி ராசித் திசையில் 5.5 கோடி ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) தொலைவில் இருக்கும் எம்87 கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். அதன் தாரையை ஹீபர் கர்ட்டிஸ் 1918-லேயே ஒரு நேர்க்கோட்டுக் கீற்றாகப் பார்த்துவிட்டார். கருந்துளை என்ற சொல் அப்போது பிறக்கவே இல்லை. 2019-ல் படம்பிடிக்கப்பட்ட அந்தக் கருந்துளையின் நிறை 650 கோடி சூரியன்கள். நிகழ்வு எல்லையின் விட்டம் சுமார் 3,800 கோடி கிலோமீட்டர். பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதன் தாரைகள் ஊதிய ரேடியோக் குமிழிகள் 2 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் பரவியிருக்கின்றன. அந்தக் கருந்துளையை ஒரு கேழ்வரகு மணியாகச் சுருக்கி ஓசூரில் வைத்தால், குமிழிகளின் பரப்பு தருமபுரிவரை வந்துவிடும். ஒரு மணியளவுள்ள பொருள் ஒரு மாவட்டத்தின் தட்பவெப்பத்தையே மாற்றுகிறது என்று சொல்வதற்கு இது சமம். கொத்துகளில் நடப்பது அதுதான்.

கனமான தாரை துளைக்கும், இலேசான தாரை ஊதும்

எல்லாத் தாரைகளும் குமிழி ஊதுவதில்லை. எது ஊதும், எது ஊதாது என்பதை முடிவு செய்வது அடர்த்தி விகிதம்.

ஒகேனக்கல்லில் விழும் தண்ணீர் காற்றைப் பிளந்துகொண்டு நேரே இறங்குகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. காற்றால் அதை நிறுத்த முடியவில்லை. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றைத் தண்ணீருக்குள் வேகமாகச் செலுத்தினால், எத்தனை வேகமாகச் செலுத்தினாலும் சிறிது தூரத்தில் தண்ணீர் அதை மடக்கிவிடும். காற்று பக்கவாட்டில் விரிந்து குமிழியாகும்.

இளம் விண்மீன்கள் பிறக்கும்போது வீசும் தாரைகள் பெரும்பாலும் முதல் வகை. அவை சுற்றியுள்ள முகிலோடு ஒப்பிட அடர்த்தி மிகுந்தவை, நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகம் கொண்டவை. முகிலைத் துளைத்துப் போகும் இடங்களில் வில் வடிவ ஒளிர்முகில்களை உண்டாக்குகின்றன. அவற்றுக்கு ஹெர்பிக்-ஹாரோ பொருள்கள் என்று பெயர். அழகானவை, ஆனால் நம் பேச்சு அவற்றைப் பற்றியதல்ல.

பெரிய கேலக்ஸிகளின் மையத்திலிருந்து வரும் தாரைகள் இரண்டாம் வகை. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்கின்றன. ஆனால் சுற்றியுள்ள வாயுவைவிட மிகமிக இலேசானவை. இந்தத் தாரை ஊடகத்தில் மோதும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ரிக் வண்டியைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

போர் போடும்போது கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்று ராடுக்குள்ளே கீழே போகிறது. அடியில் பிட் பாறையை உடைக்கும் இடத்தில் காற்று மோதித் திரும்புகிறது. திரும்பும் காற்று ராடுக்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாகக் கல்மாவை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. ஊரே வெள்ளைப் புழுதியாவது அதனால்தான். கவனிக்க வேண்டியவை:

1. காற்று ராடுக்குள் போகும் வேகம் வேறு, பிட் பாறைக்குள் இறங்கும் வேகம் வேறு. முன்னது மிக அதிகம், பின்னது மிகக் குறைவு. விண்வெளித் தாரையிலும் உள்ளே பாயும் பொருள் ஒளிவேகத்தை நெருங்கும். தாரையின் முனை அதில் ஒரு சிறு பங்கு வேகத்தில்தான் முன்னேறும்.

2. மோதும் முனையில் பொருள் திடீரென நின்று, அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகவும் வேகத் துகள்களாகவும் மாறுகிறது. ரேடியோ தொலைநோக்கியில் அந்த முனை பளிச்சென்று தெரியும்.

3. மோதிய பொருள் பின்னோக்கித் திரும்பித் தாரையைச் சுற்றி ஓர் உறையாகச் சேர்கிறது. போர்க்குழியில் மேலே வரும் காற்றுக்கு வாய் திறந்திருக்கிறது. விண்வெளியில் அப்படி ஒரு வாய் கிடையாது. வர வர உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. உறை எல்லாப் பக்கமும் வீங்குகிறது. அதுவே குமிழி.

ஒரு வேறுபாடும் உண்டு. ரிக்கில் காற்றை நேராகக் கொண்டுபோக இரும்பு ராடு இருக்கிறது. தாரைக்கு ராடு இல்லை. காந்தப்புலமும், சுற்றிலும் வீங்கிய உறையின் அழுத்தமும் அதைப் பிடித்து ஒடுக்கி வைத்திருக்கின்றன. தான் ஊதிய குமிழியே தாரைக்குக் குழாயாகிறது.

இந்தப் படத்தைக் கோட்பாடாக முதலில் எழுதியவர்கள் 1970-களில் கேம்பிரிட்ஜில் இருந்த மார்ட்டின் ரீஸ், பீட்டர் ஷூயர், பிளாண்ட்ஃபோர்டு ஆகியோர். அதற்கான தூண்டுதல் இன்னும் பழையது. 1953-ல் ரோஜர் ஜென்னிசனும் நம் நாட்டைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் சிக்னஸ் ஏ என்ற ரேடியோ மூலத்தை ஆராய்ந்தார்கள். ஒரே புள்ளியாக இருக்கும் என்று நினைத்தது இரண்டு தனித்தனிப் பரப்புகளாக இருந்தது. பிறகு நடுவில் ஒரு கேலக்ஸி இருப்பது தெரிந்தது. நடுவிலுள்ள கேலக்ஸியிலிருந்து இத்தனை தூரத்துக்கு ஆற்றல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு விடையாகத்தான் தாரை என்ற கருத்தே வளர்ந்தது. ஆக, வரலாற்றில் குமிழி முதலில் கிடைத்தது. தாரை பிறகுதான் தேடப்பட்டது.

நம் கேலக்ஸிக்குள்ளே: இரண்டு எடுத்துக்காட்டுகள்

ஆடி, ஆவணி மாத முன்னிரவில் திருவோண விண்மீன் உயரே நிற்கும். அதிலிருந்து மேற்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டி அகலம் தள்ளி எஸ்எஸ் 433 இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சுமார் 18,000 ஒளியாண்டு தொலைவு. ஒரு பெரிய விண்மீனும், அதன் வாயுவை உறிஞ்சும் ஒரு சிறிய பொருளும் (பெரும்பாலும் கருந்துளை என்பது கருத்து) 13 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒளிவேகத்தில் 26 சதவீத வேகத்தில் இரண்டு தாரைகள் கிளம்புகின்றன. தாரைகள் ஒரே திசையில் நிற்பதில்லை. சாய்ந்து சுற்றும் பம்பரத்தின் ஆணிபோல் 162 நாளில் ஒரு வட்டம் போடுகின்றன.

இதைச் சுற்றியிருப்பது டபிள்யூ50 என்ற நெபுலா. பழைய விண்மீன் வெடிப்பு ஒன்றின் எச்சம் என்பதால் உருண்டையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு காதுகள் முளைத்ததுபோல் நீண்டிருக்கிறது. அந்தக் காதுகள் இருப்பது சரியாகத் தாரைகளின் திசையில். தாரைகள் உள்ளிருந்து உருண்டையை உந்தி நீட்டிவிட்டன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமார் 700 ஒளியாண்டு.

இரண்டாவது சிக்னஸ் எக்ஸ்-1. சூரியனைப்போல் 21 மடங்கு நிறைகொண்ட கருந்துளை. 2005-ல் எலினா காலோவின் குழு அதனருகே சுமார் 16 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு மெல்லிய வளையத்தைக் கண்டது. அது குமிழியின் ஓடு. உள்ளிருந்து வீங்கும் குமிழி வெளியே உள்ள வாயுவை அழுத்திக் கெட்டியாக்கும்போது உண்டாகும் அதிர்ச்சி அலைதான் வளையமாகத் தெரிகிறது. இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு அதன் அழகில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சிக்னஸ் எக்ஸ்-1-ன் தாரை பார்வைக்கு மங்கலானது. பொருட்படுத்தத் தக்கதல்ல என்று நினைக்கத் தோன்றும். வளையத்தின் அளவையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டபோது, அந்த மங்கலான தாரை சுமந்து போகும் ஆற்றல், கருந்துளையின் சுற்றுப்புறம் எக்ஸ்-கதிராக வீசும் மொத்த ஆற்றலோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. மின்விசிறி ஒளி தருவதில்லை என்பதற்காக அதற்குக் கரண்ட் செலவே இல்லை என்று சொல்ல முடியுமா? மீட்டரைப் பார்க்க வேண்டும். குமிழிதான் அந்த மீட்டர்.

கொத்துகளில்: வாயுக் கடலில் ஓட்டைகள்

கார்த்திகை விண்மீன் கூட்டத்திலிருந்து வடக்கே, கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பெர்சியஸ் கொத்து இருக்கிறது. சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவு. நடுவில் என்ஜிசி 1275 என்ற பெரிய கேலக்ஸி. 1993-ல் ரோசாட் செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில், அந்தக் கேலக்ஸியின் இருபுறமும் இரண்டு இருண்ட பள்ளங்கள் தெரிந்தன. சந்திரா வந்த பிறகு அவை கூர்மையாகத் தெரிந்தன. ரேடியோப் படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால், எக்ஸ்-கதிர் எங்கே இருண்டிருக்கிறதோ அங்கே ரேடியோ ஒளிர்கிறது. கை உறைக்குள் கை பொருந்துவதுபோல் பொருந்துகிறது.

இதிலிருந்து தெரிவது, பள்ளம் காலி இடமில்லை. வெப்ப வாயுவை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்களும் காந்தப்புலமும் அங்கே குடியேறியிருக்கின்றன. காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலை வீசுகின்றன. குமிழிக்குத் தோல் கிடையாது. உள்ளே அடர்த்தி மிகக் குறைவு, ஆனால் அழுத்தம் வெளியில் உள்ளதற்கு ஏறக்குறையச் சமம். அதனால்தான் சுருங்காமல் நிற்கிறது.

குமிழியை அளந்து ஆற்றலைச் சொல்வது

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் பெர்சியஸ் போன்ற கொத்தின் மையப்பகுதிக்குப் பொருந்துபவை.

1. குமிழியின் ஆரம் 23,000 ஒளியாண்டு என்று படத்திலிருந்து அளக்கிறோம். கன அளவு கிடைக்கிறது.

2. சுற்றியுள்ள வாயுவின் வெப்பத்தையும் அடர்த்தியையும் எக்ஸ்-கதிர் நிறமாலை சொல்லிவிடும். இரண்டையும் பெருக்கினால் அழுத்தம். நம் காற்று மண்டல அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது கோடி கோடி மடங்குக்கும் கீழே போகும் அற்ப அழுத்தம்.

3. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால், வாயுவை ஒதுக்கித் தள்ளச் செய்த வேலை கிடைக்கும். உள்ளே அடைந்திருக்கும் வேகத் துகள்களின் ஆற்றல் அதைப்போல் மூன்று மடங்கு. இரண்டையும் கூட்டினால் நான்கு மடங்கு. நம் எண்களுக்கு வரும் விடை, ஏறக்குறைய 8 கோடி விண்மீன் வெடிப்புகளின் இயக்க ஆற்றல். அழுத்தம் அற்பமானாலும் கன அளவு அப்படிப்பட்டது.

4. குமிழியின் வயது வேண்டும். அது மையத்திலிருந்து 30,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். அந்த வேகம் ஒளிவேகத்தில் 600-ல் ஒரு பங்கு. 30,000-ஐ 600-ஆல் பெருக்க 1.8 கோடி ஆண்டு.

5. ஆற்றலை வயதால் வகுத்தால் தாரையின் சராசரித் திறன். சுமார் 3,700 கோடி சூரியன்களின் ஒளிவீச்சுக்குச் சமம். இது ஒரு குமிழிக்கு மட்டும்.

இப்படிப் பல கொத்துகளில் கணக்கிட்டபோது, தாரைகள் ரேடியோ அலையாகக் காட்டும் ஆற்றலைவிட ஊதுவதில் செலவிடும் ஆற்றல் நூறு மடங்கு, சில இடங்களில் ஆயிரம் மடங்குக்கு மேல் இருப்பது தெரியவந்தது.

கம்ப்ரசர் போரில் நடப்பது

தாரை நின்றுவிட்டாலும் குமிழி நிற்பதில்லை. சுற்றியுள்ள வாயுவைவிட இலேசானது என்பதால் கொத்தின் மையத்தைவிட்டு மிதந்து ஏறுகிறது. இங்கே மேலே என்றால் மையத்துக்கு எதிர்த் திசை என்று பொருள். ஏற ஏற வெளி அழுத்தம் குறைவதால் குமிழி பெருக்கிறது. வடிவம் தட்டையாகிக் காளான் குடைபோல் ஆகிறது. எம்87-ன் ரேடியோப் படத்தில் இந்தக் காளான் வடிவம் தெளிவாகத் தெரியும்.

நீர்மட்டம் இறங்கிய போரில் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுக்கும்போது, சின்னக் குழாயில் காற்றை அடிவரை அனுப்புகிறோம். காற்றுக் குமிழிகள் ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வருகின்றன. தண்ணீர் சீராக வராமல் விட்டுவிட்டுப் பீச்சும். கொத்துகளிலும் குமிழிகள் தமக்குப் பின்னால் மையத்தின் குளிர்ந்த வாயுவைத் தூக்கிச் செல்கின்றன. என்ஜிசி 1275-ஐச் சுற்றி ஒளியியல் தொலைநோக்கிகளுக்கே தெரியும் செந்நிற வாயு இழைகள் இருக்கின்றன. அவற்றில் ஓர் இழை குதிரை லாடம்போல் வளைந்து, ஒரு பழைய குமிழிக்கு நேர் பின்னால் நிற்கிறது. குமிழி ஏறும்போது அதன் பின்னே சுழித்த ஓட்டத்தின் தடம் அது.

தண்ணீரில் பெரிய குமிழி ஏறினால் விரைவில் சிதறும். கொத்துகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதறாமல் இருப்பது ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஏறும் குமிழியின் முகப்பில் காந்தக் கோடுகள் துணிபோல் போர்த்திக் காக்கின்றன என்பது ஒரு விளக்கம். பிளாஸ்மாவின் பிசுக்கு என்பது மற்றொன்று.

வயதாக ஆக எலக்ட்ரான்கள் ஆற்றலை இழக்கின்றன. அதிக அதிர்வெண் ரேடியோ முதலில் மங்கும், குறைந்த அதிர்வெண் கடைசிவரை தாங்கும். அதனால் பழைய குமிழிகளைத் தேட, குறைந்த அதிர்வெண்ணில் கேட்கும் தொலைநோக்கி வேண்டும். அவ்வகையில் உலகின் முன்னணிக் கருவிகளில் ஒன்று புணே அருகே நாராயண்காவ் பக்கம் உள்ள ஜிஎம்ஆர்டி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் கொண்டது. அதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன் 1970-ல் நம் ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச் சரிவில் நிறுவியவர்.

அந்த ஓசை எது?

பெர்சியஸ் கொத்தில் குமிழிகளுக்கு வெளியே, குளத்தில் கல் போட்டால் எழும் வளையங்கள்போல் மெல்லிய அலைகளை 2003-ல் ஆண்ட்ரூ ஃபேபியன் குழு சந்திரா படத்தில் கண்டது. அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே சுமார் 36,000 ஒளியாண்டு. அந்த வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆக ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 96 லட்சம் ஆண்டு. குமிழி ஒவ்வொரு முறை ஊதப்படும்போதும் வாயுவில் எழும் அழுத்த அலை இது. அழுத்த அலை என்றாலே ஒலிதான். பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே உள்ள ஸ்வரம்.

2022-ல் வெளியான ஒலிப்பதிவு, அந்த அலைகளின் படத்தை எடுத்து 57, 58 ஸ்தாயி உயர்த்தி நம் காதுக்கு எட்டும்படி மாற்றியது. யாரும் மைக் வைத்துப் பதிவு செய்யவில்லை. அதே நேரம் அது கற்பனை ஒலியும் அல்ல. அலை உண்மை, சுருதி மட்டும் ஏற்றப்பட்டது.

இதனால் என்ன ஆகிறது?

குமிழிகள் இவ்வளவு கவனம் பெறுவதற்குக் காரணம் ஒரு பழைய புதிர். கொத்தின் மைய வாயு எக்ஸ்-கதிரை வீசி ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது. பல கொத்துகளில் மையம் 100 கோடி ஆண்டுக்குள் குளிர்ந்துவிட வேண்டும். கொத்துகளின் வயது அதைவிட அதிகம். குளிர்ந்த வாயு மையத்தில் குவிந்து, ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறைக்கு விண்மீன்களாக மாற வேண்டும். நம் பால்வீதியில் பிறப்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறைக்குத்தான் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் பெருமை புரியும். ஆனால் 2001 வாக்கில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளின் நிறமாலைகள் வந்தபோது, குளிர்ந்துபோன வாயுவின் அடையாளக் கோடுகள் எதிர்பார்த்ததில் சிறு பங்கே இருந்தன. ஏதோ ஒன்று அதைச் சூடாகவே வைத்திருக்கிறது.

குமிழிகளின் ஆற்றல் கணக்கையும் வாயு இழக்கும் ஆற்றலையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஏறக்குறையப் பொருந்தின. தற்செயலாக ஓரிரு கொத்தில் பொருந்தலாம். பல பத்துக் கொத்துகளில் பொருந்துவதற்கு ஒரு கட்டுப்பாட்டு ஏற்பாடு இருக்க வேண்டும். சேலம், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடை கம்ப்ரசரைப் பாருங்கள். தொட்டியில் அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடும், ஏறியதும் தானாக நிற்கும். கொத்திலும்:

1. மைய வாயு குளிர்கிறது. அதில் ஒரு பகுதி கருந்துளையை நோக்கி விழுகிறது.
2. கருந்துளை தாரையை வீசுகிறது. தாரை குமிழி ஊதுகிறது.
3. குமிழிகளின் அழுத்த அலைகள், அவை கிளப்பும் கொந்தளிப்பு, அவை தூக்கிச் செல்லும் வாயு எல்லாம் சேர்ந்து மையத்தைச் சூடாக்குகின்றன.
4. விழும் வாயு குறைகிறது. தாரை அடங்குகிறது. வாயு மறுபடி குளிரத் தொடங்குகிறது.

மூன்றாவது படிதான் இன்னும் சிக்கலானது. எந்த வழி எத்தனை பங்கு சூடேற்றுகிறது என்பதை அறிய, வாயுவின் ஓட்டத்தையே அளக்க வேண்டும். 2016-ல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் பெர்சியஸின் மையத்தில் கொந்தளிப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் என்று அளந்தது. தாரைகள் அத்தனை ஆற்றலைக் கொட்டும் இடத்துக்கு இது எதிர்பாராத அமைதி. அளந்த சில வாரங்களில் ஹிட்டோமி கட்டுப்பாடிழந்து உடைந்துபோனது. அதன் வாரிசான எக்ஸ்ரிசம் 2023 செப்டம்பரில் ஏவப்பட்டு அந்தப் பணியைத் தொடர்கிறது.

வெடிப்பா, ஊதலா?

மூன்றாவது குழப்பத்துக்கு வருவோம். எம்எஸ் 0735 என்ற கொத்து 260 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 2005-ல் பிரையன் மெக்நமாராவின் குழு அதில் ஒவ்வொன்றும் 6 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள இரண்டு குமிழிகளை அறிவித்தது. அவை ஒதுக்கித் தள்ளிய வாயுவின் நிறை சுமார் லட்சம் கோடி சூரியன்கள். ஆற்றல் 6,000 கோடி விண்மீன் வெடிப்புகளுக்குச் சமம். அதற்கு அந்தக் கருந்துளை 30 கோடி சூரிய நிறையை விழுங்கியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்ட காலம் 10 கோடி ஆண்டு. ஆண்டுக்கு மூன்று சூரியன் என்ற சீரான தீனி. வெடிப்பு என்ற சொல் நொடியில் முடிவதை நினைவூட்டுகிறது. இதை ஊதல் என்பதே பொருத்தம்.

2020-ல் செய்தியானது ஒஃபியூக்கஸ் கொத்து. கேட்டை விண்மீன் இருக்கும் திசைப் பக்கம், 39 கோடி ஒளியாண்டு தொலைவு. அதன் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒரு வளைந்த விளிம்பை 2016-லேயே பார்த்திருந்தார்கள். குமிழியின் ஓரமாக இருந்தால் நம்ப முடியாத அளவு ஆற்றல் வேண்டும் என்பதால் அந்தக் கருத்தை அப்போது ஒதுக்கிவிட்டார்கள். சிமோனா ஜியாசிந்தூச்சியின் குழு ஆஸ்திரேலியாவின் எம்டபிள்யூஏ ரேடியோ தொலைநோக்கி, நம் ஜிஎம்ஆர்டி ஆகியவற்றின் குறைந்த அதிர்வெண் தரவுகளை அந்தப் படத்தின் மேல் வைத்தது. வளைந்த விளிம்புக்கு உட்புறம் முழுக்க ரேடியோ ஒளி நிரம்பியிருந்தது. ஆற்றல் எம்எஸ் 0735-ஐப்போல் ஐந்து மடங்கு. அந்தக் குமிழியை ஊதிய தாரை இன்று அடங்கிவிட்டது.

எல்லாக் கொத்திலும் இந்த ஏற்பாடு சமமாக வேலை செய்வதில்லை. ஃபீனிக்ஸ் என்ற கொத்து 570 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் மையக் கேலக்ஸியில் ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறைக்கு விண்மீன்கள் பிறக்கின்றன என்று 2012-ல் மைக்கேல் மெக்டொனால்டின் குழு அறிவித்தது. அங்கே தாரைகள் இல்லாமல் இல்லை, குமிழிகளும் இருக்கின்றன. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வாயு குளிரும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.